வாசலில் கழற்றிய பெல்ட்

அரசு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் அந்தக் காவலாளிக்கு ‘இரும்புப்பெட்டி’ என்று பட்டப்பெயர். வைத்தது போலீஸ்காரர்கள்தான். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் ஆயுதத்தை வாசலில் உள்ள இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் காக்கிச்சட்டையிடம் அதை யார் சொல்வார்கள்? சலாம் போட்டு வழிவிடுவதுதான் வழக்கம். சில மாதங்களாக இவர் ஒருவரையும் விடவில்லை. துப்பாக்கி உறை பெல்ட்டில் கோத்திருப்பதால் பெல்ட்டோடு கழற்றச் சொன்னார். கூட டீ குடிக்கிற ஏட்டையும் விடவில்லை. போலீசில் இருக்கும் சொந்த மச்சானையே கழற்ற வைத்தார். தங்கை வீட்டில் இவருக்கு இன்றுவரை பச்சைத் தண்ணீர் கிடையாது.

எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நேர்மையாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் ஒரே ஓர் ஆளுக்காக விரித்த வலை. ‘என்னை மட்டும் ஏன்’ என்று அந்த ஆள் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த ஆள் ஓர் இன்ஸ்பெக்டர். ஆட்டோ ஓட்டிப் பிழைத்த இவருடைய தம்பியை, செய்யாத திருட்டுக்காக இழுத்துப்போய், இடுப்பு பெல்ட்டை உருவி விளாசியவர். பெல்ட்டின் கொக்கி பட்டு ஒரு கண் போயிற்று. அந்தப் புகாருக்கு இதே கட்டடத்தின் மாடியில் நடந்த முதல் விசாரணையில் இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து பெல்ட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். தம்பிக்கு வாயே திறக்கவில்லை. அன்று வாசலில் அவருக்கு சலாம் போட்டதும் இந்த அண்ணன்தான். அந்தக் கை இன்னும் எரிந்தது. இன்று இரண்டாவது விசாரணை; இன்றும் தம்பி பேசாவிட்டால் வழக்கை மூடிவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் அந்த டீ ஏட்டோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

“பெல்ட்டைக் கழட்டி வைங்க சார்.”

“யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதா?”

“நல்லாவே தெரியும் சார்.”

இன்ஸ்பெக்டரின் கை உறைக்குப் போனது. இவருடைய துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. பக்கத்தில் நின்ற இன்னொரு காவலாளியும் இறக்கினான். சுடு, இப்போதே சுடு என்று இவருக்குள் ஒன்று கத்தியது.

ஏட்டுதான் பதறினார். “சார், வேணாம் சார். மச்சானையே விடாத ஆளு சார் இது. நானும் தினம் கழட்டித்தான் போறேன்.”

“நாளைக்கு உனக்கு வேலை இருக்காதுடா.”

“நாளைக்குத்தானே சார்? இன்னைக்கு இருக்கு.”

பெல்ட் பெட்டிக்குள் விழுந்தது. இன்ஸ்பெக்டர் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியேறினார். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பெட்டியைப் பூட்டுவதற்குள் தம்பி வந்துவிட்டான். பெல்ட்டைப் பார்த்ததும் அவன் முழங்கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது. அதுவரை இனித்ததெல்லாம் அண்ணனுக்குக் கசந்துபோனது. பாவி, பெற்ற பிள்ளை போல வளர்த்தவனை இப்படி ஆக்கிவிட்டானே!

பெட்டியைப் பூட்டி, சாவியைத் தம்பியின் கையில் அழுத்தினார்.

“இதை நீ வச்சுக்க. அவன் பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பான். எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு வந்து குடு.”

“நேரமாகுமே அண்ணா?”

“ஆகட்டும்.”

மதியம் இன்ஸ்பெக்டர் மட்டும் இறங்கி வந்தார். குறுக்கே குறுக்கே பேசியதற்காக விசாரணை அதிகாரி வெளியே போகச் சொல்லிவிட்டாராம். பேண்ட்டைப் பிடித்தபடியே பெல்ட்டைக் கேட்டார்.

“சாவி மேல இருக்கு சார்,” என்றார் இரும்புப்பெட்டி. “என் தம்பி இன்னும் பேசிக்கிட்டிருக்கான். அப்படி ஓரமா நில்லுங்க.”