பன்னிரண்டாவது துளை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வேலையைப் பாருங்கள் என்று எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு நடந்ததை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் வீட்டுக்காரர் பள்ளுருத்தியில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பழைய இங்கிலீஷ் லாரி என்றால் பைத்தியம். வாங்கிச் சேர்க்கிறவர்கள் எந்த வண்டி என்று தெரியாவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே லாரியை ஒரு நாட்டில் காமர் என்றும் இன்னொரு நாட்டில் ஃபார்கோ என்றும் விற்றிருக்கிறார்கள், முகப்பில் இருக்கும் பெயர் விழுந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே மூஞ்சி. வெளியே என்னதான் பூசி மறைத்தாலும், பெயரைப் பொருத்திய துளைகள் தகட்டின் உள்பக்கம் கைக்குத் தட்டுப்படும். காமருக்குப் பன்னிரண்டு, ஃபார்கோவுக்குப் பத்து. மேல் வரிசையை அவர் பானெட்டைத் திறந்து தடவுவார், கீழ் வரிசைக்கு என் ஒல்லிக் கை. எண்ணி முடித்ததும் உள்ளே என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். ஐம்பது வயதில் என்ன கொஞ்சல் என்று திட்டுவேன்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். மைத்துனர் கனவில் வந்தாராம், அடுத்த வீட்டு மேரிச் சேச்சி கனவில்கூட வந்து சாயா கேட்டாராம். என்னிடம் மட்டும் வரவில்லை. பொறாமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு தடவை வந்தால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றில் நின்ற லாரிதான் அவர் கடைசியாகப் பார்க்க ஒப்புக்கொண்டது, பார்க்காமலே போய்விட்டார். அதை வாங்க நினைத்த திருப்பூர்க்காரர் ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தார்.

“அக்கா, காமரா இருந்தா இன்னைக்கே எடுத்துக்கிறேன். ஃபார்கோ எங்கிட்ட இருக்கு, வேண்டாம். சாயங்காலம் அதை வெட்ட ஆள் வருதாம்.”

அவர் பார்க்க ஆசைப்பட்ட வண்டியைத் துண்டு போட விடுவதா என்று கட்டியிருந்த சேலையோடு ஆட்டோ பிடித்துப் போனேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஜோசப் சேட்டன் பானெட்டைக் கம்பி வைத்து நெம்பிப் பார்த்தார், துருவேறி இறுகிக் கிடந்தது.

“இது தொறக்காது சேச்சீ. நான் ஒரு சாயா குடிச்சிட்டு வராம்.”

தரையில் படுத்து, கீழேயிருந்து கையை விட்டுத் தடவினேன். பதினொன்று. மறுபடியும் பதினொன்று, அது எந்த வண்டியுமில்லை; துரு அரித்த ஓட்டை ஒன்றையும் சேர்த்து எண்ணிவிட்டேனா, ஒரு துளையை விட்டுவிட்டேனா தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

“எனக்கு எட்டலையே, உங்க வேலையை இப்படி என் தலைல கட்டிட்டுப் போயிட்டீங்களே” என்று வாய்விட்டே சொன்னேன்.

நம்பினால் நம்புங்கள். உள்ளே ஒரு கை என் விரலைப் பிடித்தது. சூடான கை. மெதுவாக மேலே இழுத்து, மூலையில் துருவுக்கு அடியில் இருந்த ஒரு துளைமேல் வைத்தது. பன்னிரண்டு.

பயமே வரவில்லை. “வந்துட்டீங்களா?” என்று கேட்டேன். அது விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டது, நானும் விடவில்லை, சேட்டன் திரும்பி வரும்வரை அந்தச் சிமென்ட் தரையிலேயே கிடந்தேன். கல்யாணத்தன்றுகூட நான் அத்தனை சந்தோஷமாக இல்லை.

“சேச்சீ, என்ன ஆச்சு? விழுந்தோ?”

“ஒண்ணுமில்ல சேட்டா. காமர்தான்.”

வண்டி அன்றைக்கே திருப்பூர் போனது. அங்கே துருவைச் சுரண்டி, அடியில் மறைந்து கிடந்த சேசிஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அந்த ஆளும் காமர்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு கையிலும் சுண்டுவிரல் கிடையாது, எனக்கு அவரைத் தெரிவதற்கு முன்பே ஒரு மெஷினில் போனது. என்னைப் பிடித்த கையோ, என் விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு விரலை வைத்திருந்தது. போன இடத்தில் அவருக்கு விரல் திரும்பக் கிடைத்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். இல்லையென்றால் அத்தனை ஆசையோடு நான் யார் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்?

இன்றைக்கும் படுக்கும்போது வாங்க என்று கூப்பிடுகிறேன். முப்பது வருஷமாக வாயால் சொல்லாத அவர் பெயரை, இப்போது முழுசாகச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.