கிண்ணியாத் துறையில் தரைதட்டிய பிரேக்

எங்கள் மொறிஸ் மைனர் காரின் டிரம் பிரேக் மழை நாளில் சரியாகப் பிடிக்காது. உதிரிப்பாகங்கள் இறக்குமதியாகாத காலம் அது. நொறுங்கிக் கிடந்த இன்னொரு காரின் டிஸ்க் பிரேக்கை மலிவாக வாங்கி, மெக்கானிக் காசிம் நானாவைக் கொண்டு முன்சில்லுகளில் பூட்டுவித்தேன். பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டரே போதுமென்று இருவரும் நினைத்தோம்.

மறுநாள் மனைவியுடன் கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன்.

"இஞ்சருங்கோ, என்னவோ கருகிற மணம் வருது," என்றாள் வழியில்.

"அது முன்னால போற பஸ்," என்றேன்.

படகில் காரை ஏற்றத் துறைச் சரிவில் இறங்கும்போது பெடலை மிதித்தேன். அது தரையோடு போய்விட்டது. பதறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். மாற்றாமல் விட்டிருந்த பின்சில்லு டிரம்கள்தான் பிடித்தன. முன்சில்லுகள் தண்ணீரைத் தொட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"இப்பவும் பஸ்தானோ?" என்றாள் மனைவி.

பிறகு நானா பார்த்துச் சொன்னார்: டிரம்முக்கான சிலிண்டர், பெடலிலிருந்து காலை எடுத்த பின்பும் எண்ணெயில் கொஞ்சம் அழுத்தத்தை வைத்திருக்குமாம். அதனால் டிஸ்க் பிரேக் வழி நெடுக விடாமல் உரசிச் சூடேறி, எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் பிடியில்லாமல் இறங்கிவிட்டது. சிலிண்டருக்குள் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்த சின்ன வால்வை நானா கழற்றிவிட்டார்.

இப்போதெல்லாம் பிரேக் வேலை முடிந்ததும், காரை ஜாக்கில் தூக்கி, பெடலை மிதித்துக் காலை எடுத்த பின் சில்லு உரசாமல் சுழல்கிறதா என்று கையால் சுற்றிப் பார்க்கிறேன். மனைவி மூக்கைச் சுளித்தாலோ உடனே ஓரங்கட்டுகிறேன், முன்னால் எந்த பஸ் போனாலும் சரி.