விட்டுப்போன நாலு பக்கங்கள்

"அண்ணே, அம்பது போஸ்டர் அவசரமா வேணும். அடக்கம் நாலு மணிக்கு." சபைச் செயலாளர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. கூடவே வந்த படத்தைத் திறந்தேன். யேசுவடியான் அண்ணாச்சி. இராஜபாளையத்தில் அச்சகம் வைத்திருப்பவன் நான். எனக்குச் சாவுச் செய்திகள் ஆர்டராகத்தான் வரும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதுவரை அடித்தேன். மீதியை என் மனைவிதான் அடித்து முடித்தாள்.

இதைப் படிக்கிற நீங்கள் அநேகமாக அவரை அறிந்தவர்கள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அது எளிது. ஆனால் அவருக்கு நான் செய்ததைச் சொல்லாமல் நல்லதைச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

அண்ணாச்சி நூற்பாலையில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் சபையின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. சபை ஆபீஸ் பீரோவில் கிடந்த, கமிட்டிக் கூட்டத் தீர்மானங்கள் எழுதிய பழைய மினிட் புத்தகத்தை உட்கார்ந்து படித்து, மில்லில் வீணான ஷிப்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். பிரதி எடுத்து வைக்க மாட்டார். "ஒனக்குன்னு எழுதினது தம்பி, ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

சபையின் நூற்றாண்டு மலருக்காக அவர் கொண்டுவந்த கட்டுரையில் கடைசி நாலு பக்கங்களைப் படித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. ஒருகாலத்தில் எங்கள் சபையில் நற்கருணைக்கு இரண்டு பாத்திரங்கள் இருந்தன. மேலத்தெருவுக்கு வெள்ளி, கீழத்தெருவுக்குப் பித்தளை. ஒரே பாத்திரத்தில் கொடுங்கள் என்று கீழத்தெருவில் பதினோரு பேர் கேட்டார்கள். கேட்டதற்காக அவர்கள் பெயர் சபை அங்கத்தினர் டாப்பிலிருந்து நீக்கப்பட்டது. அவர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர்வரை நடந்துபோய், அங்கே நற்கருணை வாங்கித் திரும்பினார்கள். பதினோரு பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதியிருந்தார். நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் தன் தாத்தாவும் ஒருவர் என்பதையும் எழுதியிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்களும் நானும் மேலத்தெரு. இது வேணுமா?" என்றேன்.

"பேதுரு மூணு தரம் மறுதலிச்சாரு. மொத சபைக்கே அவருதான பெரியாளு? பொறவு வந்தவங்க அத வேதத்துலருந்து அழிச்சிட்டாகளா? நம்ம தாத்தாமாரு என்ன, பேதுருவ விடப் பெரிய ஆளுகளா?" என்றார்.

நான் சிரித்தேன். கம்ப்யூட்டரில் முழுக் கட்டுரையையும் அடித்து முடித்தேன். ஆனால் மலர்க் கமிட்டிக்கு விஷயம் போய்விட்டது. "பிஷப் வாராக, எம்.எல்.ஏ. வாராரு. இந்த அசிங்கத்த எதுக்குண்ணே இப்பக் கிண்டணும்?" என்றார் செயலாளர். அடுத்த வருஷச் சபை வேலைகளெல்லாம் என் அச்சகத்துக்குத்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். நாலு பக்கத்தையும் எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாழ்த்துச் செய்தியும் மூன்று விளம்பரங்களும் போட்டேன். எவனும் கேட்டுவிடக் கூடாதென்று கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். அவர் கைப்பட எழுதிய தாள்கள் கழிவுத் தாளோடு பழைய பேப்பர் கடைக்குப் போயின.

வெளியீட்டு அன்று அசனப் பந்தியில் எனக்கு எதிரே அண்ணாச்சி உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்காமல் மலரைப் புரட்டினார். "ஏலே பொன்ராஜி, நாலு பக்கத்தக் காணலயே?"

"பைண்டிங்ல விட்டுப்போச்சு அண்ணாச்சி" என்றேன். வாய் கூசவில்லை.

அவர் மலரை மூடிப் பக்கத்தில் வைத்தார். "சரி. அடுத்த பதிப்புல சேத்துக்கிடுவோம்" என்று சாப்பிட ஆரம்பித்தார்.

நூற்றாண்டு மலருக்கு ஏது அடுத்த பதிப்பு? ஆனால் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேட்பார், அடுத்த பதிப்பு எப்போ என்று. நானும் ஏதாவது சொல்லித் தப்பிப்பேன். இதற்குள் சபை ஆபீஸுக்கு வெள்ளையடித்தபோது பீரோவை வெளியே வைத்து, ஒரு மழையில் மினிட் புத்தகம் கூழாகிவிட்டது. நம் சபைகள் இப்போது இருக்கிற இருப்பில், எலெக்ஷனுக்கும் கேஸுக்கும் ஓட ஆளிருக்கிறது, ஒரு பழைய புத்தகத்தை மழைக்கு முன்னால் உள்ளே தூக்கி வைக்க ஆளில்லை.

கடைசிக் காலத்தில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இருந்தார். போனில் ஒருநாள் சொன்னார்: "மினிட் புக்கும் போச்சாம் தம்பி. இனி ஒன்கிட்ட இருக்க தாளுதான். ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா." வாரேன் அண்ணாச்சி என்றேன். அரைமணி நேரப் பேருந்துப் பயணம். எட்டு மாதம் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவும் இல்லை.

இராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் முடிந்ததும், அண்ணாச்சியின் மனைவியான மதினியிடம் போய் நின்றேன். தாள் என்னிடம் இல்லை என்பதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர்களே முந்திக்கொண்டார்கள்.

"பைண்டிங்ல போனா எல்லாப் புஸ்தகத்துலயுமாய்யா போகும்? மிஷினோட கெடந்த மனுஷன் அவிய. அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாக. நேரா கேக்க வேண்டியதுதானன்னு நாங்கூட சொன்னேன். 'நான் கேட்டா அவன் இன்னொரு பொய் சொல்லணும். அவனா வந்து சொல்லட்டும்'னு இருந்துட்டாக."

"போறதுக்கு மொத நா சாயங்காலங்கூடக் கேட்டாக, பொன்ராஜி வந்தானான்னு" என்றார்கள்.

அத்தனை கிறிஸ்மஸிலும் அவர் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். பாவ அறிக்கை ஜெபத்தை மட்டும் வாராவாரம் சபையாரோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கடவுள் மன்னிப்பார் என்று போதகர் ஆறுதல் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டு மாதம் காத்திருந்தார்.

பைண்டிங்கில் எதுவும் விட்டுப்போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

கீழத்தெருவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டேன். தங்கள் வீட்டு ஆள் யாரோ கோபித்துக்கொண்டு நடந்துபோனார் என்கிறார்கள், பெயர் தெரியவில்லை. பதினோரு பெயரையும் என் விரல்கள்தான் அடித்தன. எத்தனை முறை கண்ணை மூடி உட்கார்ந்தாலும் மூன்றுதான் வருகிறது. மாசிலாமணி. வேதமுத்து. சவரிமுத்து மகன் தாவீது. அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த மூன்று பெயர்கள்தான். மற்ற எட்டுப் பேரையும் நம் சபை இரண்டு தடவை நீக்கிவிட்டது. இரண்டாவது தடவை நீக்கியவன் நான்.