அளந்தூத்தி வைத்த பங்கு

"ஒங்களுக்கு எவ்வளவு வேணும்னு அப்புறம் கேக்குறேன். மொதல்ல அவங்களுக்கு எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்று மேசைக்கு எதிர்ப்பக்கம் கை காட்டுகிறார் அக்கா. கோடைக்கு முன்னால் அணைத் தண்ணீரை வயலுக்கு, நகரத்துக்கு, பறவைகள் கூடு கட்டும் சதுப்புக்கு என்று பங்கு வைக்கிற கூட்டத்தில் வருடா வருடம் இதே பாட்டுதான். விவசாயிகளின் தேவையை நகரக் குடிநீர்ப் பொறியாளர் சொல்ல வேண்டும். நகரத்தின் தேவையை விவசாயிகள் தலைவரான மீசைக்காரர் சொல்ல வேண்டும். ஒருவர் குறைத்துச் சொன்னால் மற்றவரும் அதே கத்தியைத் தூக்குவார். அதற்குப் பயந்தே இரண்டு பேரும் நியாயஸ்தர்கள் ஆகிவிட்டார்கள்.

கூட்டத்தை நடத்துகிற அணை அதிகாரிக்கு நேரில் பெயர் அக்கா; முதுகுக்குப் பின்னால் அளந்தூத்தி. தெரிந்தும் அவர் கண்டுகொள்வதில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால், தலையில் சோப்பு நுரையோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிற மனுஷி. மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓட, இவர் வெளியே ஓடி மலைப்பக்கம் பார்ப்பார். "இங்க கொட்டி என்ன பிரயோஜனம்? அங்கல்ல கொட்டணும்" என்று வானத்தையே அதட்டுவார். இவர் கையால் வாங்கிக் குடித்த காப்பி எல்லாம் அரை தம்ளர்தான் என்பது புருஷனின் புலம்பல். மீதி அரை உண்டு, கேட்டால்தான் வரும்.

இந்த வருடம் ஒரு கூத்து நடந்தது. சதுப்புக்காகப் பேசுகிற வனத்துறைக்காரர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பங்கைப் பொறியாளர் சேர்த்திருப்பார் என்று மீசைக்காரர் விட்டார். மீசைக்காரர் சேர்த்திருப்பார் என்று பொறியாளர் விட்டார். சண்டையே இல்லாமல் கூட்டம் முடிகிறதே என்ற சந்தோஷத்தில் அக்காவும் கோட்டை விட்டார். அணையில் இருந்ததெல்லாம் இரண்டு பங்காகப் பிரிந்துபோனது. எல்லோரும் எழுந்து நாற்காலியைத் தள்ளுகிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"அக்கா, என் புள்ளைங்களுக்கு எவ்வளவு?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சதுப்பின் மரங்களில் கூடு கூடாகக் குஞ்சுகள். மரத்தைச் சுற்றி நிற்கிற தண்ணீர்தான் அதற்கு வேலி. அது வற்றினால் நாயும் நரியும் நடந்தே போய், கீழே விழுகிற குஞ்சையெல்லாம் கவ்விக்கொண்டு போகும்.

வாசலை மறித்து நின்றுகொண்டார். "யாரும் கெளம்பாதீங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்."

"சுத்திச் சுத்திக் கடைசியில எங்க மடியிலதான் கை வைப்பீங்க" என்றார் மீசைக்காரர்.

"வைக்கல. பறவைக்கு எவ்வளவு வேணும்? அத மட்டும் நீங்க சொல்லுங்க."

பொறியாளர்தான் முதலில் இறங்கி வந்தார். பூங்கா நீரூற்றை நிறுத்திவிடலாம், கோடை முடிகிறவரை கார் கழுவத் தடை போடலாம், வசவை அவர் வாங்கிக்கொள்வாராம். பறவைக்கு வேண்டியதில் பாதிதான் அதில் தேறியது. வாசலை விட்டு அக்கா நகரவில்லை.

மீசைக்காரர் மறுபடி உட்கார்ந்தார். "கடைமடையில நாங்க பிந்தித்தான் வெதச்சிருக்கோம், கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம். எங்களுக்கு வர்ற மொத தண்ணிய அங்க விடுங்க. குஞ்சு பறந்ததும் மிச்சத்த எங்க வாய்க்காலுக்குத் திருப்பிடணும். பறவைகிட்டப் போய் நான் கேக்க முடியாது. ஒங்ககிட்டதான் வந்து நிப்பேன்."

"வந்து நில்லுங்க" என்றார் அக்கா. அப்போதுதான் வாசலை விட்டு நகர்ந்தார்.

மறுநாள் காலையில் மதகைத் திறந்தார்கள். வெடித்துக் கிடந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் தவழ்ந்து வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று, அதை நிரப்பிவிட்டு, மறுபடி நகர்ந்தது. அக்கா செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். தண்ணீரைப் பார்த்தபடி குனிந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, நடை பழகுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, பின்பக்கமாகவே அடி எடுத்து வைத்துச் சதுப்பை நோக்கி நடந்தார்.