மனப்பாடம் செய்த பதில்

இன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண். நாளைக்கு நர்சிங் ஸ்கூல் இன்டர்வியூவாம். ஒரு பேப்பரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"இதுலேர்ந்து கேள்வி கேளுங்கக்கா, சொல்லிப் பாக்குறேன்" என்று பேப்பரை நீட்டினாள்.

"ஏன் நர்ஸ் ஆகணும்?" என்றேன்.

"ஏழைகளுக்குச் சேவை செய்ய" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

எனக்கு எரிச்சலாகிவிட்டது. "எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. நீ உண்மையான காரணத்தைச் சொல்லு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"பருத்திக்கு மருந்து அடிக்கறப்ப அம்மா மயங்கி வுழுந்துட்டாங்க. வாந்தி எடுத்தா விஷம் வெளிய வந்துடும்னு சாணியக் கரைச்சு வாயில ஊத்துனேன். எங்க ஊருல அப்படித்தான் செய்வாங்க. அது நுரையீரலுக்குப் போயிடுச்சு, மயங்கிக் கெடந்தவங்களுக்கு யாரு இதை ஊத்துனதுன்னு ஆஸ்பத்திரியில நர்சம்மா கேட்டாங்க. 'நான்தான் ஊத்துனேன்'னு அப்பா பழியத் தன் மேல போட்டுக்கிட்டாரு. அம்மா செத்ததுக்கு ஊரு இன்னும் அவரைத்தான் ஏசுது."

பேப்பரை மடித்து அவளிடம் கொடுத்தேன். "சேவைன்னே சொல்லிடும்மா."

இன்டர்வியூ எடுப்பவர் யாராவது இதைப் படித்தால் பதில் போடுங்கள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு சீட் கொடுப்பீர்களா, இல்லை நான் சொன்னதுதான் சரியா?