ரப்பர் பை இழுத்த மூச்சு

இது நடந்தது. சாட்சி கேட்டால் என்னிடம் ஆள் இல்லை. அன்றிரவு அந்த அறையில் விழித்திருந்தவன் நான் ஒருவன்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். கோடி அறையில் எனக்கு ஒரே ஒரு நோயாளி. தையல்காரர். மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அவருக்காக வென்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலையில் டாக்டர் அதைக் கழற்றிப் பார்க்கப் போகிறார். அவராக மூச்சு இழுத்தால் பிழைத்தார். இழுக்காவிட்டால் மறுபடி மாட்ட மாட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பிய அவர் மனைவி வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, ராத்திரி அவரா ஒரு மூச்சு இழுத்தா போன் போடுங்க. எந்நேரமானாலும் சரி."

"சரிக்கா."

"எனக்காகப் பொய் சொல்லக் கூடாது. நெஜமா இழுத்தா மட்டும்."

இயந்திரம் காற்றைத் தள்ளினால் திரையில் கோடு நேராக மேலே ஏறும். நோயாளி தானே இழுத்தால், கோடு முதலில் கொஞ்சம் குழிந்து பிறகு ஏறும். கூடவே ஒரு பச்சைப் புள்ளி மின்னும். அவர் வந்த நாளிலிருந்து அந்தப் புள்ளியை நான் பார்த்ததே இல்லை.

இரண்டே கால் மணிக்கு அது மின்னியது.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு வைத்தேன். குழாயில் தேங்கிய தண்ணீர் குலுங்கினாலும் இயந்திரம் ஏமாந்துபோகும். அதனால் எங்கள் வேலையில் எடுத்த எடுப்பில் மூச்சை நம்புவதில்லை, முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுவோம். குழாயைக் கழற்றி வடித்தேன். மாட்டினேன்.

மறுபடி மின்னியது.

பக்கத்து வார்டு சீனியரைப் போனில் கூப்பிட்டேன்.

"தண்ணி பாத்தியா?"

"வடிச்சிட்டேன் அண்ணே."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தியா?"

"அண்ணே, வெளையாடாதீங்க. கொஞ்சம் வாங்க."

"இங்க ரெண்டு பேர் இழுத்துக்கிட்டுக் கெடக்குறாங்கடா. மெஷினக் கழட்டிட்டுக் கையால மூச்சுப் பைய அமுக்கிப் பாரு. கை பொய் சொல்லாது."

உண்மைதான். கையால் அமுக்கும்போது நோயாளி இழுத்தால், பை உள்ளங்கையில் தானாக இளகும். இயந்திரத்தை அவரிடமிருந்து பிரித்தேன். அதன் குழாயில், வழக்கம்போல், சோதனைக்கு வைத்திருக்கும் ரப்பர் பையை மாட்டித் தொங்கவிட்டேன். அவர் தொண்டைக் குழாயில் கையால் அமுக்கும் மூச்சுப் பையை மாட்டி அமுக்கினேன்.

இளகவில்லை. அமுக்கினேன்... காத்திருந்தேன்... இல்லை. இந்த மனிதர் மூச்சு இழுக்கவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்...

திரும்பினேன். ரப்பர் பை உப்பியது. அது இயந்திரம் தள்ளுவது. சுருங்கியது. அதுவும் சரி.

பிறகு... குழிந்தது.

உள்பக்கமாக. கன்னம் ஒட்டுவதுபோல.

பச்சைப் புள்ளி மின்னியது.

அந்தக் குழாயின் முனையில் வெறும் ரப்பர்தான் இருந்தது. ஆனாலும் யாரோ இழுத்தார்கள்.

என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது அடக்கவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

எவ்வளவு நேரம் அமுக்கினேனோ. கை மரத்துப்போனது. அவர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கத் தொடங்கியது. அலாரம். சீனியர் போனை எடுக்கவில்லை. வேறு இயந்திரமும் இல்லை.

ரப்பர் பையைக் கழற்றினேன். குழாயின் வாய் என் விரலைப் பிடித்து இழுத்தது.

அந்தக் குழாயை அவரிடம் மாட்டினேன்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

அமைதி.

பிறகு அவர் மார்பு ஏறியது. இயந்திரம் இன்னும் தள்ளியிருக்கவில்லை.

நான் போன் போடவில்லை. நிஜமாக இழுத்தால் மட்டும் என்றாரே. எதை நிஜம் என்று சொல்வது?

காலையில் டாக்டர் இயந்திரத்தைக் கழற்றினார். தையல்காரர் மூச்சு இழுத்தார். நிதானமாக, சீராக. மனைவி சுவரில் சாய்ந்து அழுதார். நினைவு மட்டும் திரும்பவில்லை. சில வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் எடுத்த ஸ்கேனை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மூளையில மூச்சு விடச் சொல்ற எடமே இதுல செத்துப்போயிருக்கு. இவர் எப்படி இழுக்குறார்?"



அவர் வீடு போன பிறகு ஒருநாள், தொண்டைக் குழாய் மாற்ற அங்கே போனேன். ஒற்றை அறை. ஒரு கட்டில், துணி மூடிய தையல் இயந்திரம். வேலை முடிந்ததும் அக்கா கட்டிலருகே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இது அவர் மூச்சு இல்ல தம்பி."

"குழாய் இருந்தா சத்தம் மாறும்க்கா."

"சத்தத்தச் சொல்லல. நான் பேச ஆரம்பிச்சா மூச்ச நிறுத்திக்கிட்டுக் கேக்குது. முடிச்சப்புறம்தான் விடுது." லேசாகச் சிரித்தார். "அந்த மனுஷன் என்னிக்கு நான் பேசறதக் கேட்டாரு?"



"டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார். போர்வையை மார்புவரை இழுத்துவிட்டார். "யாரா இருந்தா என்ன... வீட்ல இன்னொரு மூச்சு இருக்குல்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

கட்டிலில் மூச்சு நின்றது.