அசை பிரித்த விரல்

என் தங்கையைத் தெருவில் 'ஸ்பானிஷ் டீச்சர்' என்றால்தான் தெரியும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டிலேயே வகுப்பெடுத்தாள். வார்த்தையை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் விரலால் தட்ட வேண்டும். அழுத்தம் எந்த அசையிலோ அங்கே ஓங்கித் தட்ட வேண்டும். பட்டாம்பூச்சிக்கு 'மரிபோசா': ம, ரி, போ, சா. 'போ' மட்டும் டங்கென்று விழும். யாராவது தப்பாகத் தட்டினால் போச்சு! வாயால் திட்ட மாட்டாள். சரியாகத் தட்டிக் காட்டிவிட்டு முறைப்பாள்.

மாடியில் குடியிருக்கும் எனக்குத் தலைவலியே வந்துவிடும். "ஏண்டி, பாடம் நடத்துறியா, வீடு கட்டுறியா?" என்று கத்துவேன்.

பக்கவாதம் வந்து படுத்தாள். பேச்சு நின்றுபோனது. கண் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. "அவங்களுக்கு எதுவும் புரியலைன்னுதான் நினைக்கிறேன்" என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

அவள் புருஷனுக்கு அது போதும். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து தன் தம்பியிடம் போனில் அளப்பான்: "கட்டைதான்டா கிடக்கு, ஆளு போயாச்சு. ஏதாவது பராமரிப்பு இல்லத்துல தள்ளிட்டா நானும் இன்னொரு கல்யாணம் காட்சின்னு பார்க்கலாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் டாக்டரே சொன்னபின் நான் என்ன பேச? அவளைக் கூட்டிப்போகத் திங்கட்கிழமை வண்டி வருவதாக ஏற்பாடு.

ஞாயிறு மதியம் அவளுடைய துணிமணிகளைப் பையில் அடுக்கினேன். சுவரில் பாட அட்டை ஒன்று தொங்கியது: பறவைப் படம், கீழே 'பாஹரோ'. அழுகையை அடக்க வாய்க்கு வந்தபடி வாசித்தேன், நடுவில் அழுத்தி: "ப... ஹா... ரோ!"

கட்டில் கம்பியில் சத்தம் கேட்டது. முதலில் ஓங்கி ஒன்று, பிறகு மெதுவாக இரண்டு.

திரும்பிப் பார்த்தேன். அவள் விரல்! வேண்டுமென்றே மறுபடியும் தப்பாகச் சொன்னேன். மறுபடியும் அதே தட்டு. கூரையில் கிடந்த பார்வை மெல்ல என் பக்கம் திரும்பியது. ஐயோ, அதே முறைப்பு!

"அடிப்பாவி, உள்ளதான் இருக்கியா!" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை ஓய்ந்ததும்தான் அந்த போன் பேச்சு நினைவுக்கு வந்தது. "அவர் பேசினதெல்லாம் உனக்குக் கேட்டுச்சாடி? கேட்டிருந்தா ஒரு தட்டு தட்டு."

தட்டினாள்.

அவள் புருஷனை இழுத்துவந்து நிறுத்தினேன். "நரம்பு துடிக்குதுக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

"நீங்களே ஒரு வார்த்தை தப்பா சொல்லிப் பாருங்க, மாப்பிள்ளை."

அவனுக்குத் தெரிந்ததே ஒரு வார்த்தைதான், இதயத்துக்கு உள்ள 'கொரசோன்'. கல்யாணமான புதிதில் அவள் சொல்லிக்கொடுத்தது. முதல் அசையை அழுத்திச் சொன்னான். விரல் மெதுவாக இரண்டு தட்டியது, கடைசியில் ஓங்கி ஒன்று. அவன் முகம் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது.

வண்டி வேண்டாமென்று அவனே சொல்லிவிட்டான். இப்போது அந்த அறைக்குள் அவன் காலே வைப்பதில்லை. போன் வந்தால் தெருவுக்கு ஓடுகிறான். நான் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போகும்போது நிலைப்படிக்கு வெளியே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கிறான்: "அவ முழிச்சிருக்காளாக்கா?"

"அப்பவும் முழிச்சுக்கிட்டுதான் இருந்தா" என்கிறேன்.